ஓர் இழுப்புக்கு நாலு பொறி

மூன்று பம்புசெட் வைத்திருக்கிறேன்.
வாலிநோக்கத்து உப்பளங்களுக்கு வாடகைக்கு விடுகிறவள்.
மணிக்கு நூற்றிருபது, மண்ணெண்ணெய் அவரவர் பொறுப்பு.
சண்டை எப்போதும் மணியில்தான் வரும்.

‘மூணு மணி நேரம்’ என்பேன்.
‘ரெண்டேகால்’ என்பார் கூரிச்சாமி.
கச்சான் அடிக்கிற மாதத்தில்
இருவர் சொல்லையும் காற்று தூக்கிப்போய்
ஏர்வாடிப் பக்கம் போட்டுவிடும்.

எஞ்சினையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.
ஓடினால் பொறி. நின்றால் இல்லை.
எண்ணினால் போதும்.

ராமநாதபுரத்தில், செல்போன் கடைக்குப் பின்னால்
ஒரு பையன் விற்கிற நீலப் போர்டு,
தீப்பெட்டி அகலம், முந்நூற்றைம்பது.
பிளக்குக்குப் போகிற தடித்த வயரிலிருந்து
நேராக ஒரு கம்பியை இழுத்து அதன் காலில் வைத்தேன்.
ஒரே பொறி.
முந்நூற்றைம்பது ரூபாய் வாசனையாக மேலே போனது.

இரண்டாவது போர்டுக்குத்
தொடாமல் கேட்கக் கற்றுக்கொடுத்தேன்.
தடித்த வயரின் ரப்பருக்கு வெளியே
மெல்லிய வயர் ஆறு சுற்று.
நடுவில் ஒரு ரெசிஸ்டர், ஒரு சீனர் டையோடு:
கோபத்தை மூன்று வோல்ட்டுக்கு மேல்
உள்ளே விடாத காவல்.
அடுத்த வீட்டுச் சண்டையைச் சுவர்வழி கேட்பதுபோல
அது கேட்டது.

கேட்டதுதான் அதிகம்.
நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுகிற எஞ்சினைப்
பதினேழாயிரம் என்றது.
ஒவ்வொரு பொறியும் அடித்து முடிந்த பிறகு
தட்டிய பித்தளைத் தாம்பாளம்போலக் கொஞ்சம் அதிரும்;
அத்தனை அதிர்வையும் பொறி என்று எண்ணியிருக்கிறது.
எழுதினேன்:
ஒன்றைக் கண்டால் ஐந்து மில்லிசெகண்ட்
கண்ணை மூடிக்கொள்.
மூவாயிரத்துப் பத்து.
அன்றைக்கு நகரை மீன் வாங்கினேன்.

அதில் பாதி வீண் என்று பிறகுதான் தெரிந்தது.
இந்த எஞ்சின் சுற்றுக்கொரு பொறி விடும்.
ஒன்று எண்ணெயை எரிக்கும்.
அடுத்தது, புகை வெளியேறுகிற நேரத்தில்,
எரிய ஒன்றுமில்லாத இடத்தில்.
என்றாலும் விடும்.
எது எதுவென்று பிரிக்கப் போர்டுக்குத் தெரியாது.
எல்லாம் சேர்த்து எண்ணினேன்.

ஒரு வாரம் கழித்து மெமரி கார்டை உருவிப் பார்த்தேன்.
கூரிச்சாமி பாத்தி. செவ்வாய்.
ஓடிய நேரம் இரண்டு மணி பதினாறு நிமிடம்.
ரெண்டேகால்.

அதற்கு மேலே சில வரிகள் இருந்தன.
விடிகாலை 4.10. நாலு பொறி.
4.10. நாலு.
4.11. நாலு.
ஓர் இழுப்புக்கு நாலு பொறி,
பிறகு கயிறு சுருண்டு உள்ளே போகிற இடைவெளி.
4.19இல் நாலு மூன்றாகிறது.
4.26. ஒன்று.
அப்புறம் ஒன்பது நிமிடம் எதுவுமில்லை.
உட்கார்ந்திருப்பார். பிளக்கைக் கழற்றிக்
கைலியில் துடைத்திருப்பார்.
யாரைத் திட்டினார் என்பது வயருக்குக் கேட்கவில்லை.
எனக்குத் தெரியும்.
4.35. ஐந்து.
அதன்பின் நிற்காமல்.

நாற்பத்தொரு இழுப்பு. உப்பேறிய என் பிளக்.
பம்பு போன நேரம், வந்த நேரம், இவ்வளவுதான்
நான் பார்த்துக்கொண்டிருந்தது.
அந்த இருபத்தைந்து நிமிடத்துக்கு ஐம்பது ரூபாய்.
எத்தனை முறை வாங்கினேனோ.
மூன்று வருஷம்.

புதுப் பிளக் தொண்ணூற்றைந்து. மாற்றிவிட்டேன்.
நிரலில் ஒரு வரி சேர்த்தேன்:
தொடர்ந்து இருநூறு பொறி வந்தால் மட்டும்
வாடகையைத் தொடங்கு.
இழுப்புகளை அழிக்கச் சொல்லவில்லை.
கார்டில் தனிக் கோப்பாகச் சேர்கின்றன.
அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

நேற்று கேட்டார்,
‘பொட்டி என்னம்மா சொல்லுது?’
‘ரெண்டேகால்.’
‘அதத்தானே நானும்...’
வலது கையைத் தூக்க வந்து, பாதியில் விட்டு,
இடது கையால் காசை நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.